முதல் முறை பறப்பவை

“பழசு,” என்றார் சேகு தாவூது.

குமுதவல்லி எழுதிக்கொண்டாள். தாவூதின் உள்ளங்கையில் ஆறுமணிக்குருவி ஒன்று மல்லாந்து கிடந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. கடவுள் நல்ல மனநிலையில் இருந்த நாளில் செய்த பறவை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அது முழித்துக்கொண்டு அவர் கட்டைவிரலைக் கொத்தப் பார்த்தது.

“இறக்கை நூத்தியாறு. எடை அம்பத்தெட்டு. கொழுப்பு மூணு. போவட்டுமா?”

“விடுங்க பாய்.”

அவர் கையைத் தாழ்த்தித் திறந்தார். குருவி பாலை மரங்களுக்கு அடியில் இருட்டாகக் கிடந்த சருகுக்குள் ஓடி மறைந்தது.

கோடிமுனைக் காட்டில் இப்படித்தான் ஐப்பசி விடியும். இமயமலை அடிவாரத்திலிருந்து இரவெல்லாம் பறந்து வரும் பறவைகள் விடியும்போது இந்தக் கடலோரக் காட்டில் வந்து விழும். மெல்லிய வலைகளைக் கட்டிப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அளந்து விடுவது குமுதவல்லியின் நிலையத்துக்கு வேலை. நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு மேசை, அவள், தாவூது. இருபத்துநான்கு வருடங்களாக அவர் பறவையைப் பிடித்துச் சொல்வார், அவள் எழுதுவாள்.

பறவையின் வயதுக்குப் புத்தகத்தில் எண்கள் உண்டு. இந்த மேசையில் அவை செல்லுபடியாகவில்லை. ஏற்கெனவே ஒரு தடவையாவது தெற்கே வந்து போன பறவை பழசு. இந்த வருடம் பிறந்து, முதல் முறையாகக் கிளம்பி வரும் குஞ்சு புதுசு. சிறகின் ஓரத்தைப் பார்த்தே தாவூது சொல்லிவிடுவார். தப்பியதில்லை.

மற்ற வருடங்களில் பத்துக் குருவி பிடித்தால் ஆறு புதுசு. இந்த வருடம் இதுவரை நாற்பத்தியொன்று பிடித்தாயிற்று. நாற்பத்தியொன்றும் பழசு.

தாவூது அடுத்த துணிப்பையை எடுத்தார். முடிச்சை அவிழ்த்துக்கொண்டே அவளை ஒரு தடவை பார்த்தார். அவள் பேனாவைப் பார்த்தாள்.

“பழசு,” என்றார்.

மேசை மேலிருந்த கைப்பலகை மெல்ல ஒளிர்ந்து கேட்டது: ‘நேற்றைய இரவுப் பறவைப் பாதை சரியா?’ அவள் சரி என்பதைத் தொட்டாள். சந்தேகம் வந்த பிறகு தொட்ட ஒன்பதாவது சரி அது. ஒன்பது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் கேவலம்.

*

அன்று ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து பறவை பார்க்கிறவர்கள் பதினான்கு பேர் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். கழுத்தில் தொலைநோக்கி, தலையில் தொப்பி, முகத்தில் விடுமுறை. சருகுக்குள் ஒரு ஆறுமணிக்குருவி தத்தியதும் பதினான்கு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்க்கக் குமுதவல்லிக்குப் பாசமாக இருந்தது. அவளும் ஒரு காலத்தில் இப்படித்தான் நின்றாள்.

“மேடம், நீங்கதானே அந்தத் திசைமாற்றிக்குப் பாதை போட்டுக் கொடுத்தது?” என்று கேட்டாள் கூட்டத்தில் இருந்த தமிழாசிரியை. “என் வகுப்புல உங்களப் பத்திப் பாடமே நடத்தியிருக்கேன். எப்படிங்க பறவைய வளைக்கிறீங்க?”

பாடம் என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னாள். இத்தனை மேடைகளில் சொல்லிச் சொல்லி வாய் தானாகவே சொல்லிற்று.

“பறவைக்குப் பூமியோட காந்தம் தெரியும். உள்ளுக்குள்ள ஒரு திசைகாட்டி இருக்கற மாதிரி. கடலுக்குள்ள முந்நூறு காற்றாலை நிக்குது இல்லையா? அது இவங்க வர்ற வழி. முதல்ல ஒரு சீசன்ல எத்தனை அடிபட்டுச் செத்துச்சுன்னு எண்ண முடியல. அதனால காற்றாலைக்கு முன்னாடி மிதவை போட்டு, ரொம்ப மெல்லிசா ஒரு அலை விடறோம். பறவைக்கு ‘கொஞ்சம் கிழக்கே ஒதுங்கு’ன்னு தோணும். சுத்திக்கிட்டுப் போயிட்டு, அலை தீர்ந்ததும் பழைய வழிக்கே திரும்பி இங்க வந்து இறங்கிடும்.”

“கரைப் பக்கமா ஒதுக்கியிருக்கலாமே?”

“கரையோரம் பூரா மின்கம்பி. அதுல அடிபடும்.”

“எவ்வளவு ஒதுங்கினா போதும்னு எப்படித் தெரிஞ்சுது?”

“பறவை முதுகுல சின்னச் சிப் ஒட்டி விட்டோம். அது போற வழியெல்லாம் குறிச்சு வைக்கும். அடுத்த வருஷம் அதே பறவை நம்ம வலையில விழுந்தா, கழட்டி எடுத்துப் படிச்சுப்போம். நூத்திப் பன்னெண்டு பறவை அப்படிக் கிடைச்சுது.”

தமிழாசிரியை ஆச்சரியத்தில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, சாதாரணமாக, சந்தேகம் கேட்கும் பிள்ளைகளோடு பழகிய பழக்கத்தில் கேட்டாள்:

“அப்போ முதல் தடவை வர்ற குஞ்சுக்கு? பழைய வழின்னு ஒண்ணு அதுக்குத் தெரியாதே. அது எப்படித் திரும்பும்?”

குமுதவல்லி தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தாள்.

“பெரிய பறவைங்களோட சேர்ந்து வந்துடும்,” என்றாள்.

பச்சைப் பொய். ஆறுமணிக்குருவி கூட்டமாகப் பறப்பதில்லை. ஒவ்வொன்றும் தனியாகத்தான் கிளம்பும். பிறக்கும்போதே ஒரு திசை மட்டும் குஞ்சுக்குள் இருக்கும்; இடம் எதுவும் இருக்காது. வந்து போன பறவைக்குத்தான் இடம் தெரியும். அந்தத் திசையைக் கொஞ்சம் திருப்பிவிட்டால், திருப்பிய திசையே அதற்குச் சொந்தத் திசையாகிவிடும். கிழக்கே ஒதுங்கிய குஞ்சு கிழக்கே போய்க்கொண்டே இருக்கும். அங்கே வங்காள விரிகுடாவைத் தவிர வேறு எதுவும் இல்லை.

தமிழாசிரியை நிம்மதியாகத் தலையாட்டினாள். நாளைக்கு இதையும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பாள். வலைக் கம்பத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த தாவூது திரும்பவே இல்லை. ஆனால் கேட்டார் என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது.

அன்று மதியம் எல்லோரும் போன பிறகு குமுதவல்லி போன வருடத்துப் பதிவுகளைத் திறந்தாள். திசைமாற்றியை அப்போது பன்னிரண்டு இரவுகள் மட்டும் சோதித்துப் பார்த்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு இரவுகளை அடுத்த காலைகளில் ஒரு புதுசு கூட இல்லை. ஓரத்தில் அவள் கையெழுத்தில் ‘மழை’ என்று இருந்தது. அந்தத் தேதிகளின் மழைப் பதிவை எடுத்து ஒத்துப் பார்த்தாள். இரண்டு நாள் மட்டும்தான் தூறியிருந்தது.

மீதிப் பத்து நாட்களுக்கும் மழை என்று எழுதச் சொன்னது யார்? யாரும் இல்லை. பாராட்டுக் கடிதங்கள் வந்துகொண்டிருந்த மாதம் அது. அவளுக்கு மழை தேவைப்பட்டிருந்தது.

*

திங்கட்கிழமை தாவூது ஒரு மீன் பெட்டியோடு வந்தார். தெர்மோகோல் பெட்டி. ஐஸ் வாடையும் மீன் வாடையும் முன்னால் வந்தன.

“எம் மச்சான் நேத்து கரைக்கு வந்தாரு மேடம்,” என்றார். “எம்பது மைலுக்கு அங்கிட்டு வலை போட்டிருந்தாங்களாம். படகு மேல பொத்து பொத்துன்னு விழுந்துச்சாம். தண்ணியிலயும் மெதந்துச்சாம். என்னா குருவின்னு தெரியல, பாக்க அழகா இருக்கு, உங்க மேடத்துக்கிட்ட காட்டுங்கன்னு மூணு எடுத்தாந்து குடுத்தாரு.”

மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். வழக்கமாக எடுக்கிற அதே பக்குவத்தோடு, தலையை விரல் இடுக்கில் தாங்கி, சிறகை விரித்துப் பார்த்தார்.

“புதுசு,” என்றார்.

அடுத்ததை எடுத்தார். “புதுசு.”

“போதும் பாய்.”

“இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்.” அதையும் விரித்தார். “புதுசு. எடை போடவா?”

அவரே தராசில் வைத்தார். முப்பத்துமூன்று கிராம். வரவேண்டிய எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கொழுப்பெல்லாம் எரிந்து, நெஞ்சுச் சதையும் எரிந்து, இறகும் எலும்பும்தான் எண்பது மைல் வந்திருந்தது. கடைசி மூச்சு வரைக்கும் சரியான திசையில் போகிறோம் என்ற நம்பிக்கையோடுதான் பறந்திருக்கும். அதை நினைத்ததும் குமுதவல்லிக்கு அழுகை வந்தது. அழ உனக்கு என்ன யோக்கியதை என்று தன்னையே கேட்டுக்கொண்டு அடக்கினாள்.

“நாம சிப் ஒட்டின வருசம்,” என்று மெதுவாகத் தொடங்கினார் தாவூது. பிறகு, “சரி விடுங்க,” என்று நிறுத்திக்கொண்டார்.

அவள் விடமுடியாது. அவளுக்கு அந்தக் காலை அப்படியே நினைவிருந்தது. அவர் கேட்டார்: ‘அடுத்த வருசம் திரும்பி வர்றதுகிட்டேருந்துதான சிப்ப எடுக்கப்போறோம்? அப்ப அதுங்க எல்லாம் பழசாத்தான இருக்கும் மேடம். புதுசு எப்படி வருதுன்னு எப்படித் தெரியும்?’ நல்ல கேள்வி. உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் கேட்டிருந்தாலும் உட்கார்ந்து யோசித்திருப்பாள். வலை கட்டுகிறவர் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: ‘திரும்பி வராத பறவை நமக்கு என்ன பாய் சொல்லப்போகுது?’

இருபத்துநான்கு வருடம் வளையம் மாட்டியவள் அவள். மறுபடி பிடிபடும் பறவைதான் தங்கம் என்று பழகிப்போயிருந்தது. பிடிபடாததைப் பற்றி யோசிக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

*

காற்றாலைக் கம்பெனியின் பொறியாளர் சற்குணன் திரையில் வந்தான். முப்பத்தைந்து வயது. அவளிடம் மரியாதை உள்ளவன். அவள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டான். மேசையில் கிடந்த மூன்றையும் காட்டியபோது முகத்தைச் சுளித்துக்கொண்டான்.

“கஷ்டமாதான் இருக்கு மேடம். ஆனா எங்க கேமரால இந்த சீசன் பூரா ஒரு இறகு கூட விழலையே. ஜீரோ.”

“எண்பது மைல் தள்ளி விழுந்திருக்கு சற்குணன்.”

“ஒப்பந்தத்துல, காற்றாலையிலேருந்து ஐந்நூறு மீட்டருக்குள்ள விழுந்தாதான் பறவை இறப்பு. அதத் தாண்டினா அது எங்க...” அவன் சங்கடத்தோடு நிறுத்தினான். “அந்தப் பிரிவு நீங்க எழுதினது மேடம்.”

ஆமாம். அவள்தான் எழுதினாள். எண்ணுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று.

“இன்னிக்கு ராத்திரி காத்து வடக்கேருந்து திரும்புது,” என்றாள். “மேலே ஆந்திராவில ஒரு வாரமா மழைக்கு ஒதுங்கி நிக்கிற குஞ்செல்லாம் இன்னிக்குக் கிளம்பும். இந்த வருஷத்துல மிச்சம் இருக்கறது அவ்வளவுதான். திசைமாற்றிய நிறுத்துங்க.”

“அத நிறுத்தினா காற்றாலையையும் நிறுத்தணும், அது சட்டம். காற்றாலை நின்னா எட்டு மாவட்டத்துக்கு ராத்திரி கரண்ட் எங்கேருந்து வரும்? பழைய அனல் நிலையத்தை மறுபடி பத்தவைக்கணும்.” அவன் குரல் தாழ்ந்தது. “எங்க வீடு அந்தச் சாம்பல் குளத்துக்குப் பக்கத்துல மேடம். எங்கம்மா மூணு வருஷமாத்தான் இருமாம தூங்கறாங்க. ஒரு குருவிக்காக நான் போய் அங்க எப்படிச் சொல்வேன்?”

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“எத்தனை ராத்திரி நிறுத்தணும்?” என்று அவனே கேட்டான்.

“பன்னெண்டு.”

அவன் கண்ணை மூடித் திறந்தான். “என் கையில இல்ல மேடம். உங்க சான்றுலதான் இருக்கு. சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள நீங்க ‘சரியில்லை’ன்னு போட்டா எல்லாமே தானா நின்னுடும். போடாம விட்டீங்கன்னா செயலியே உங்களுக்காக ‘சரி’ போட்டுடும். நீங்க எப்பவும் சரின்னு போடறவங்கன்னு அது படிச்சு வெச்சிருக்கு.”

திரை அணைந்தது. எப்பவும் சரின்னு போடறவங்க. வசவாக அவன் சொல்லவில்லை. ஆனாலும் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

*

நாலரை மணி. ‘சரியில்லை’ என்பதைத் தொட்டதும் கைப்பலகை காரணம் கேட்டது. மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்று, எல்லைக்குள் பறவை இறப்பு. இரண்டு, கருவிக் கோளாறு. இரண்டுமே பொய், ஒரு மணி நேரத்தில் சரிபார்த்துவிட்டுத் திரும்ப ஓட்டிவிடுவார்கள். மூன்றாவது: அடிப்படைத் தரவில் பிழை.

அதைத் தொட்டாள். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. பாதைக்கு ஆதாரமான நிலையப் பதிவுகள் முழுவதும், தொடக்க நாள் முதல், நம்பத்தகாதவை என்று குறிக்கப்படும். இதைத் திரும்பப் பெற முடியாது.

முழுவதும். இருபத்துநான்கு வருடம். முப்பத்தோராயிரம் பறவைகள். பதிவு போனால் நிலையத்துக்கு என்ன வேலை? மூடிவிடுவார்கள். தன் பெயர் போவதைப் பற்றி அவளுக்கு இப்போது அவ்வளவாகக் கவலை இல்லை. அது போகவேண்டிய பெயர்தான். ஆனால் அதில் பாதி தாவூதின் வாழ்க்கை. முப்பத்தோராயிரம் பறவையும் அவர் கை பட்டவை. அவருக்கும் சேர்த்துத் தான் ஒருத்தியே முடிவெடுப்பது இன்னொரு பாவம் என்று பட்டது.

வெளியே வந்தாள். தாவூது வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். முன்பே தெரிந்தும் ஒன்பது நாள் சரி போட்டதையும், மழை என்று எழுதியதையும் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் ஊசியை நிறுத்தவில்லை.

“நெலையம் போயிரும் பாய். உங்க இருபத்துநாலு வருஷ வேலையும் போயிரும். செல்லாதுன்னு ஆயிரும். நீங்க வேண்டாம்னு சொன்னா...”

“சொன்னா?”

அவள் கையிலிருந்த கைப்பலகையைப் பார்த்தாள்.

“அதக் கொஞ்சம் காட்டுங்க,” என்று கைப்பலகைக்குக் கை நீட்டினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பதிவுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரே பெயர் இருந்தது. வயது நிர்ணயம்: முனைவர் ப. குமுதவல்லி. அளவு: முனைவர் ப. குமுதவல்லி. பதிவு: முனைவர் ப. குமுதவல்லி.

நிதானமாக ஒரு பக்கம் முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல எல்லாம் உங்க பேருதான மேடம் இருக்கு. எம் பேரு எங்கயும் காணோமே. எனக்கு என்னா போவுது? போடுங்க.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை, அவ்வளவுதான் என்கிற குரல். குமுதவல்லி நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை நேரம் அவருடைய வாழ்க்கையை அழிக்கப்போகிறோமே என்று தவித்தாளே, அதை எப்போதோ, வரிக்கு வரி, முப்பத்தோராயிரம் தடவை அழித்தாகிவிட்டது. எந்த எச்சரிக்கையும் சிவப்பு எழுத்தில் வரவில்லை.

“பாய்,” என்றாள்.

“மணி ஆவுது மேடம்.”

அவர் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தாள். பிழையின் விவரம் கேட்டது. எழுதினாள். பிழைக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டது. தன் பெயரை எழுதினாள். பிழையை முதலில் சுட்டிக்காட்டியவர் யார் என்று கேட்டது. சேகு தாவூது என்று எழுதினாள்.

தலைப்பெழுத்து இல்லாமல் ஏற்க முடியாது என்றது படிவம்.

அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். அவர் வீட்டு நோன்புக் கஞ்சி எத்தனையோ வருடம் குடித்திருக்கிறாள். காது பொசுங்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

“உங்க இனிஷியல் என்ன பாய்?”

தாவூது ஊசியைக் கீழே வைத்துவிட்டு முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

“மூனா,” என்றார். “வாப்பா பேரு முகம்மது காசிம்.”

மு. சேகு தாவூது என்று அடித்து, ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது உறுதிப் பொத்தானைத் தொட்டாள். இருபத்துநான்கு வருடத்தில் அவர் பெயர் முதல் முறையாக அந்தப் பதிவில் ஏறியது. ஏறிய அதே நொடியில் அந்தப் பதிவு முழுவதும் செல்லாததாகிப் போனது.